ஜாடியின் வயிற்றில் பதினோரு வட்டங்கள்

12-3-2006, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. துணியை ஊறப்போட்டதுதான் மிச்சம்.

சாயங்காலம் இவர் டூட்டி முடிந்து வந்தார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் கண்டக்டர். எப்போதும் வந்தவுடன் தோல் பையை ஆணியில் மாட்டுவார். இன்று மாட்டவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பை அசைந்தது.

"சத்தம் போடாத அன்பு. வூட்டுக்காரம்மா இருக்காங்களா?"

திறந்து பார்த்தால் டிக்கெட் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாய்க்குட்டி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் கறுப்பு. ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஸ்டாண்டில் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்ததாம். வருகிற வழியில் ஒரு கட்டு டிக்கெட்டின் மூலையைக் கடித்துத் துப்பியிருக்கிறது.

இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த அன்றே வீட்டுக்காரம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே மறக்கவில்லை. "நாயி, கோழி, கறி. மூணும் என் வூட்டுல கூடாது."

நாளைக்கே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். கண்டிப்பாகத்தான் சொன்னேன். சொல்லும்போது அது என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

13-3-2006, திங்கள்

பேர் வைத்தாயிற்று. ஜாடி. உட்கார்ந்தால் ஊறுகாய் ஜாடியேதான். பேர் வைத்த பிறகு எப்படிக் கொண்டுபோய் விடுவது?

15-3-2006, புதன்

மாட்டிக்கொண்டோம். மூன்று நாள்கூட ஒளித்துவைக்க முடியவில்லை.

காலையில் வீட்டுக்காரம்மா ஒற்றைச் செருப்போடு எங்கள் வாசலில் நின்றார். இன்னொன்று ஜாடியின் வாயில் இருந்தது. விருத்தாம்பாள் என்று அவருக்குப் பேர். ஐம்பத்தைந்து வயது. தனியாக முன்பக்கத்தில் இருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் டிகிரி காபி குடிப்பார். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு சட்டம் போடுவார்.

ஃபுட்போர்டில் தொங்குகிற ஐம்பது பேரை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளுகிற மனிதர் என் வீட்டுக்காரர். வீட்டுக்காரம்மாவைப் பார்த்ததும் சில்லறை தேடுகிற மாதிரி பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான்தான் வாயைத் திறந்தேன். "பெரிம்மா, சின்னக் குட்டிதானே..."

"சின்னதுதான் பெருசாவும். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வேப்பூர்ல கொண்டுபோய் எறக்கி வுட்ருங்க. ரோட்டோரமா நாப்பது ஓட்டலு இருக்குது, பொழைச்சிக்கும். இங்க இருக்கிற வரைக்கும் ஊசி போட்டு வைங்க. ஊசி போடாத நாயை வாசல்ல வெச்சிக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது."

வேப்பூரில் நாற்பது ஓட்டல் இருக்கிறது, வாஸ்தவம். நானூறு லாரியும் இருக்கிறதே! அந்த ஹைவேயில் இது ஒரு நாள் தாங்குமா?

31ஆம் தேதிக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

20-3-2006, திங்கள்

பெரிய நாள் இது. கை வலிக்கிறது, இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு ஜாடியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் ஆறு ஆடு. எருமை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், ஜாடி என் முந்தானைக்குள் போய்விட்டது. ஊசிக்கு ஒரு சத்தம்கூட இல்லை. எருமை போய்விட்டதா என்பதிலேயே இருந்தது அதன் கவனமெல்லாம்.

டாக்டர் பொறுமையான மனிதர். "லேசா காய்ச்சல் வரும், சோர்ந்து படுத்துக்கும். அதுக்குப் பயப்படாதீங்க. மூஞ்சி வீங்கினா, வாந்தி எடுத்தா, மூச்சு வாங்கினா மட்டும் உடனே போன் பண்ணுங்க. ஒரு வாரத்துக்குத் தண்ணி ஊத்தாதீங்கம்மா." கார்டுக்குப் பின்னால் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

மத்தியானம் தூங்கியது. நாலு மணிக்கு எழுந்து என்னிடம் வந்தது. பார்த்தால் — இது யாரோட குட்டி? மூஞ்சி உப்பிப் போய்க் கண்ணையே காணோம். உதடு தனியாகத் தொங்குகிறது. ஸ்ரீமுஷ்ணத்துக் குட்டி, சரி. அதுக்காக மூஞ்சியுமா அந்த ஊருக் கோயில் வராகப் பெருமாள் மாதிரி மாறணும்? சாமி மன்னிக்கட்டும், அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

புரட்டிப் பார்த்தேன். முடியில்லாத வயிற்றில் தடிப்புத் தடிப்பாக இருந்தது. எண்ணினேன். பதினொன்று.

அப்புறம் நான் செய்ததற்கு என் கைதான் பொறுப்பு. எனக்கு செராமிக் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான் பீஸைத் தட்டிப் பார்க்க வேண்டும். டிங் என்றால் பாஸ். டொக் என்றால் எங்கேயோ விரிசல். அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். எட்டு வருஷமாக இதேதான். மார்க்கர் கைப்பையிலேயே கிடக்கும். தடிப்பு பெரிதாகிறதா என்று தெரிய வேண்டுமே! ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பதினோரு வட்டம். நல்லவேளை, தட்டிப் பார்க்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். டாக்டர் நிதானமாகக் கேட்டார். மூச்சு வாங்குதா? இல்லை. வாந்தி? இல்லை. ஈறு என்ன கலர்?

"ரோஸ் சார். எங்க கம்பெனி வாஷ்பேசின் ரோஸு."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "சரி, என் வீட்டுக்குக் கொண்டாங்க" என்றார்.

போய் மேஜையில் படுக்கவைத்தேன். வயிற்றைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது, வட்டம்?"

"செக்கிங் சார்."

"பாஸா, ஃபெயிலா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். லேசான அலர்ஜிதானாம். சில குட்டிகளுக்கு வருமாம். ஓர் ஊசி போட்டார். ஒரு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துக் கவனித்தார். அடுத்த தவணை ஊசிக்கு வரும்போது முதலிலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று கார்டில் எழுதினார். கிளம்பும்போதே ஒரு கண் திறந்துவிட்டது. திறந்த கண்ணால் டாக்டரின் செருப்பைப் பார்த்தது. சரி, பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

21-3-2006, செவ்வாய்

காலையில் வீக்கம் சுத்தமாக இல்லை. தடிப்பும் இல்லை. வட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

ஜாடி வாசற்படியில் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கோலம் போட வந்த வீட்டுக்காரம்மா பார்த்தார். கோலமாவுக் கிண்ணம் கீழே விழுந்தது. செருப்பைக் கழற்றினார்.

"அடி தாயே! முத்து போட்டுருக்கா!"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அம்மை வந்திருக்கிறது என்கிறார். என் மார்க்கர் வட்டத்தைப் பார்த்து! கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார், போட மாட்டார். பக்கத்தில் வந்து பார்க்கவும் மாட்டார், அம்மை கண்ட இடமாம். ஆறடி தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இல்ல பெரிம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத! அவ வந்திருக்கிற வூட்டுல எதிர்ப்பேச்சு கூடாது. அந்தக் குட்டியை யாரும் ஒரு வார்த்தை கடுமையாச் சொல்லக் கூடாது. போன்னு சொல்லவே கூடாது. கேட்டியா?"

போன்னு சொல்லவே கூடாது.

வாயை மூடிக்கொண்டேன். கடவுளே, மூடிக்கொண்டேன்.

22-3-2006, புதன்

கேட்டில் வேப்பிலைக் கொத்து. பால்காரர் பச்சமுத்து தெருவிலேயே நின்று கையை நீட்டிப் பால் ஊற்றிவிட்டு, "சின்னக் கொழந்தையாம்மா?" என்று கேட்டார். "ரெண்டு மாசம்" என்றேன். பொய் இல்லையே.

நான் வேலைக்குப் போகக் கூடாது, அம்மை கண்ட வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று உத்தரவு. தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. இவரை மட்டும் பஸ் ஓட வேண்டுமே என்று விட்டுவிட்டார். இவர் தாளிக்காத சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்பு, உண்மையச் சொல்லிடலாமே?"

"சொல்லுங்க. அப்படியே வேப்பூருக்கும் ஒரு டிக்கெட் கிழிச்சிடுங்க."

இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஜாடிக்கு முன்பக்கத்திலிருந்து இளநீர் வந்தது. கேழ்வரகுக் கூழும் வந்தது, மோர் விட்டு. பின்பக்கமாக நழுவிப் பூத்துக்குப் போய், டாக்டருக்குப் போன் செய்து கூழ் தரலாமா என்று கேட்டேன். கொஞ்சமாகத் தரலாமாம். கொஞ்சமாக என்றால் எவ்வளவு என்று ஜாடிக்குத் தெரியவில்லை.

23-3-2006, வியாழன்

நாளைக்கு வெள்ளிக்கிழமை, குட்டிக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊற்றிவிடலாம் என்றார் வீட்டுக்காரம்மா. ஒரு வாரம் குளிப்பாட்டக் கூடாது என்றாரே டாக்டர்! எனக்குப் பதறிவிட்டது.

"வேணாம்! செவ்வாக்கெழமை! அதுக்கு முன்னால சொட்டுத் தண்ணி படக் கூடாது!"

கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டேன். இரண்டு நாளாகத் தலை சீவவில்லை, முடியெல்லாம் முகத்தில் கிடந்தது. வீட்டுக்காரம்மா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைக் கூப்பினார்.

"உத்தரவு தாயி. செவ்வாக்கெழமையே ஊத்துறேன்."

இது எங்கே போய் முடியும்?

24-3-2006, வெள்ளி

வட்டத்தை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. மறுபடியும் பூத்துக்கு நழுவி, கம்பெனியில் என்னோடு செக்கிங்கில் இருக்கிற கனகாவுக்குப் போன் செய்து, மார்க்கர் மை எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"சூளையில வெச்சு எடுத்தா போயிடும்டி. ஏன், எந்த பீஸு?"

போனை வைத்துவிட்டேன்.

தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். புத்தி கெட்ட வேலை. மை போகவில்லை, கலைந்தது. பதினோரு வட்டமும் ஒன்றோடொன்று சேர்ந்து வயிறு முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. ஜாடி எண்ணெய் வாசனை பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வாசலுக்கு ஓடியது.

முன்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. "ஐயையோ, முத்தெல்லாம் ஒண்ணாக் கூடிடுச்சே!"

25-3-2006, சனி

இன்று காலையில் முன்பக்கத்திலிருந்து காபி வாசனை வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை, பதினொன்றுக்கும் வரவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். நெற்றியில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரிம்மா?"

"ஒண்ணுமில்ல. தலைவலி. குட்டிக்கு எறங்குற வரைக்கும் காப்பி தொட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

நாலு டம்ளர் காபி. முப்பது வருஷப் பழக்கம். என் மார்க்கருக்காக.

சோறு இறங்கவில்லை எனக்கு. தாளிக்காத சோறு என்பதால் இல்லை.

26-3-2006, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் எழுந்ததும் முடிவு பண்ணினேன். இவரிடம் சொன்னால் பைக்குள் தலையை விட்டுக்கொள்வார். அதனால் கேட்கவில்லை. மார்க்கரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே முன்பக்கத்துக்குப் போனேன்.

"பெரிம்மா, அது அம்மை இல்ல. ஊசி போட்டதுல வந்த அலர்ஜி. அன்னிக்கே சரியாயிடுச்சு. ஒரு வாரத்துக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னதும் டாக்டருதான். வட்டம் நான் போட்டது. இதோ, இந்த மார்க்கர்லதான். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். சொன்னா நாயை வெளிய அனுப்பச் சொல்லுவீங்கன்னு பயம். நீங்க காப்பிய விட்டுட்டீங்க பெரிம்மா, எனக்கு மனசு கேக்கல."

அவர் மார்க்கரை வாங்கினார். மூடியைக் கழற்றினார். தன் உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. மார்க்கரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அது எவ்வளவோ பரவாயில்லை.

27-3-2006, திங்கள்

வேலைக்குப் போய்விட்டேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? நாள் முழுக்க டிங், டொக். எது எது என்றே காதில் விழவில்லை. ஒரு நல்ல பீஸைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டேன். கனகா திட்டினாள்.

இவர் வேப்பூர் ரூட்டில் ஓடுகிற தன் சிநேகிதர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறார். ஓட்டலில் விட வேண்டாமாம், அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வாராம். நல்ல மனிதராம். நல்ல மனிதரா இருந்தா எனக்கென்ன? அவருக்கு ஜாடி காலைக் கடிச்சா எப்படிக் கடிக்கும்னு தெரியுமா? காதுக்குப் பின்னாடி சொறிஞ்சாதான் தூங்கும்னு தெரியுமா?

முன்பக்கத்துக் கதவு மூடியே இருக்கிறது. ஆனால் சாயங்காலமும் காபி வாசனை வரவில்லை. கோபம் வந்துவிட்டது, விஷயமும் தெரிந்துவிட்டது. இன்னும் எதற்காகக் காபி குடிக்காமல் இருக்கிறார்?

28-3-2006, செவ்வாய்

ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இவர் என் பின்னால் நின்றுகொண்டார்.

வீட்டுக்காரம்மா. இடுப்பில் பித்தளைக் குடம். மேலே வேப்பிலை. மூக்கில் கண்ணாடி.

"ஒரு வாரம் முடிஞ்சுதுல்ல? டாக்டரு சொன்னது?"

"முடிஞ்சுது பெரிம்மா. ஆனா அது அம்மை இல்லன்னு..."

"அலர்ஜியோ கிலர்ஜியோ. நான் என்ன வேண்டிக்கிட்டேன்? குட்டிக்குச் சரியாவணும்னு வேண்டிக்கிட்டேன். சரியாச்சா, இல்லியா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன நிக்கிற? புடிச்சுக்க, வழுக்கும்."

கிணற்றடியில் வைத்து ஊற்றினோம். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீர். டாக்டருக்கு இதில் ஆட்சேபம் இருக்க முடியாது. ஜாடி மூன்று முறை உதறியதில் நாங்கள் மூன்று பேரும் மஞ்சள் ஆனோம். வீட்டுக்காரம்மா குனிந்து கண்ணாடி வழியாக அதன் வயிற்றைப் பார்த்தார். ரோஸ் இன்னும் இருந்தது. தன் உள்ளங்கையையும் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

"ஒசத்தி மையிதான்" என்றார். அப்புறம் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது, அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஏழு மணிக்குக் காபி வாசனை வந்தது. ஏழே காலுக்கு இன்னொரு முறை வந்தது. விட்டதையெல்லாம் பிடிக்கிறார். நான் கடுகு தாளித்தேன். அது வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திட்டும் கிடைத்தது. "தெரிஞ்சே சும்மா இருந்தியே, அது தப்பு" என்று எனக்குத் தனியாக, பத்து நிமிஷம். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். நியாயம்தானே.

31-3-2006, வெள்ளி

மாசக் கடைசி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இன்னொரு ஒற்றைச் செருப்பும் போயிற்று.

10-4-2006, திங்கள்

இரண்டாவது தவணை ஊசி. நான் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா பட்டுப்புடவையில் ரெடியாக நின்றார். "இருக்கட்டும், நானும் வரேன்."

வரிசையில் எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது. ஜாடி இந்தத் தடவை அவர் முந்தானைக்குள் போனது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. மறைப்பானேன்?

டாக்டர் கேட்குமுன் அவரே கார்டை நீட்டினார். "போன தடவை அலர்ஜி சார். லேசா." ஏதோ தானே பரிசோதித்துக் கண்டுபிடித்த மாதிரி. டாக்டர் முதலில் அலர்ஜிக்கு ஓர் ஊசி போட்டு, பிறகுதான் தடுப்பூசி போட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அந்த ஒரு மணி நேரமும் வீட்டுக்காரம்மா ஜாடியின் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மார்க்கர் இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

வீங்கவில்லை. ஒரு தடிப்பும் இல்லை. அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்தால் கேட்டில் புது வேப்பிலை. கிளம்பும் முன்பே கட்டி வைத்திருக்கிறார்.

16-4-2006, ஞாயிறு

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன்.

மாடி ரூமை வாடகைக்குப் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன். வீட்டுக்காரம்மா காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். "கோழி, கறி. ரெண்டும் என் வூட்டுல கூடாது."

மடக்கிய இரண்டு விரலுக்குப் பக்கத்தில் மூன்றாவது விரல் சும்மா நின்றது. மடியில் கிடந்த ஜாடி அதை நக்கிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் ஓர் அடி பின்னால் போனார். "நாயி இருக்குதுங்களே. கடிக்குமா?"

வீட்டுக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராக, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எங்க குட்டிக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சு. உங்க புள்ளைங்களுக்குப் போட்டாச்சா?"